பழைய கட்டுரையைத் தேடலில் மேலே கொண்டுவருவது எப்படி: ஒரு பட்டாப் பக்கத்தை வைத்து முழு வழிகாட்டி

"அப்பா பேர்ல இருக்கிற பட்டாவ என் பேருக்கு மாத்துறது எப்படி?"

மறுநாள் காலை தாலுகா அலுவலகத்துக்குப் போக வேண்டிய ஒருவர், முந்தைய இரவு கைபேசியின் மைக்கைத் தொட்டு இப்படிக் கேட்கிறார். திறக்கும் பக்கம் "நிலம் மனித வாழ்வின் அடிப்படைத் தேவைகளில் ஒன்று" என்று தொடங்குகிறது. பட்டா என்ற சொல்லின் வரலாறு வருகிறது, அதன் முக்கியத்துவம் வருகிறது, நடுவில் நான்கு விளம்பரங்கள் வருகின்றன. எந்தெந்தக் காகிதங்களை எடுத்துப்போக வேண்டும் என்பது கடைசிக்கு முந்தைய பத்தியில் இருக்கிறது. அதுவரை அவர் படிக்கப்போவதில்லை. பின்னால் போய் ஒரு யூடியூப் காணொளியைத் திறந்துவிடுவார்.

இப்படிப்பட்ட பக்கங்களைத் திருத்துவதுதான் நான் அதிகம் செய்யும் வேலை. புதிதாகப் பத்துக் கட்டுரை எழுதுவதைவிட, ஏற்கெனவே இருக்கும் ஒன்றைச் சரியாகத் திருத்துவது கூடுதல் பலன் தருகிறது என்பது என் உறுதியான கருத்து. தமிழில் தகவல் பெரும்பாலும் இருக்கத்தான் செய்கிறது. தேடுபவர் சொல்லும் சொல்லில் இல்லை, தேடும் வரிசையில் இல்லை, அவ்வளவுதான். மேலே சொன்ன பட்டாப் பக்கத்தையே எடுத்துக்கொண்டு, அதைத் திருத்தும் முறையைத் தொடக்கத்திலிருந்து எழுதுகிறேன். உங்கள் தளம் சமையலோ மருத்துவமோ எதுவாக இருந்தாலும் படிகள் இவையேதான்.

முதலில், எந்தப் பக்கத்தைத் திருத்துவது?

கூகுள் சர்ச் கன்சோல் என்பது உங்கள் தளம் கூகுள் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் இலவசக் கருவி. உங்கள் தளத்தை இன்னும் அதில் இணைக்கவில்லையென்றால் மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு அதை முதலில் செய்யுங்கள். அது இல்லாமல் திருத்துவது, அளவுகோல் இல்லாமல் துணி வெட்டுவதுபோல.

அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' அறிக்கையைத் திறந்தால் நான்கு எண்கள் தெரியும். தேடல் முடிவில் உங்கள் பக்கம் எத்தனை முறை காட்டப்பட்டது என்பது இம்ப்ரெஷன். எத்தனை முறை தொட்டு உள்ளே வந்தார்கள் என்பது கிளிக். இரண்டுக்கும் உள்ள விகிதம் சிடிஆர். நான்காவது, சராசரியாக எத்தனையாவது இடத்தில் நின்றது என்பது. கடந்த 16 மாதங்களின் கணக்கு வரை பார்க்கலாம். நான் வழக்கமாகக் கடைசி மூன்று மாதங்களை எடுத்துக்கொள்வேன்.

பக்கங்களை இம்ப்ரெஷன் அதிகமாக உள்ளதிலிருந்து வரிசைப்படுத்துங்கள். இம்ப்ரெஷன் நிறைய இருந்து, சராசரி இடம் 5 முதல் 20-க்குள் இருக்கும் பக்கங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கங்கள் இந்தத் தேடலுக்குப் பொருந்தும் என்று கூகுள் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறது, ஆனால் முன்னால் நிறுத்தும் அளவுக்கு நம்பவில்லை. திருத்தினால் மிக விரைவில் பலன் தெரிவது இவற்றில்தான். முதல் மூன்று இடங்களில் இருப்பவற்றைத் தொடாதீர்கள். 60-ஆவது இடத்தில் கிடப்பவற்றை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்த பிறகு, அதன்மீது தட்டிவிட்டு 'குவெரீஸ்' பட்டியலுக்குப் போங்கள். அந்தப் பக்கம் எந்தெந்தச் சொற்களுக்குக் காட்டப்பட்டது என்று 1000 வரிகள் வரை தெரியும். மிகச் சிலரே தேடிய சொற்களை, தேடியவரின் அடையாளம் வெளிப்படக்கூடாது என்பதற்காகக் கூகுள் மறைத்துவிடும். மீதி எல்லாம் உங்கள் கண்முன். இதை ஒரு ஷீட்டில் இறக்கிவைத்துக்கொள்ளுங்கள்.

சொற்களைப் பொறுக்குவது

இந்தப் படிக்கு நேரம் செலவழியுங்கள். நான் ஒரு பக்கத்துக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதி இங்கேயே போகும்.

தமிழில் ஒரே விஷயத்தை மக்கள் நான்கு விதமாகத் தேடுகிறார்கள். அரசு ஆவணத்தில் இருப்பது 'பட்டா மாறுதல்'. சாதாரணமாக எழுதுபவர் 'பட்டா பெயர் மாற்றம்' என்பார். பேசித் தேடுபவர் 'பட்டா பேர் மாத்துறது' என்பார். இதே தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பவர்களும் உண்டு. இவற்றோடு ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் தேடுபவர்களும் இருக்கிறார்கள். வில்லங்கச் சான்றை வீட்டில் யாரும் வில்லங்கச் சான்று என்று சொல்வதில்லை, 'ஈசி எடுத்தாச்சா?' என்றுதான் கேட்பார்கள். புல எண் என்று எழுதியிருக்கும் பக்கத்தில் 'சர்வே நம்பர்' என்ற சொல் ஒரு முறைகூட வரவில்லையென்றால், படிப்பவருக்கே அது தான் தேடிவந்த பக்கமா என்ற ஐயம் வந்துவிடும்.

கூகுள் 2019 அக்டோபரில் பெர்ட் என்ற மொழி மாதிரியைத் தேடலில் சேர்த்தது. அதே ஆண்டு டிசம்பரில் அதைப் பல மொழிகளுக்கு விரித்தது. அதற்குப் பிறகு ஒரே பொருள் தரும் சொற்களை அது ஓரளவு சேர்த்துப் பார்க்கிறது. ஆனாலும் தமிழில் அந்த 'ஓரளவு' எவ்வளவு என்பதை நம்பிச் சும்மா இருக்க என்னால் முடியாது. சர்ச் கன்சோல் பட்டியலில் ஒரே பக்கம் 'பட்டா மாறுதல்' என்பதற்கு ஒரு இடத்திலும், 'பட்டா பேர் மாற்ற' என்பதற்கு வெகு கீழேயும் நிற்பதைப் பார்க்கலாம். அந்த இடைவெளிதான் உங்களுக்கு வேலை.

என்ன செய்வது? எல்லா வடிவங்களையும் ஒரே வரியில் கமா போட்டு அடுக்காதீர்கள். படிப்பவருக்கு அது குப்பை, கூகுளுக்கும் அது பழைய தந்திரம். முதன்மையான சொல்லைத் தலைப்பிலும் முதல் பத்தியிலும் வையுங்கள். அரசுச் சொல்லை, விண்ணப்பத்தில் அப்படித்தான் இருக்கும் என்று அறிமுகப்படுத்துங்கள்: "இணையதளத்தில் இது 'பட்டா மாறுதல்' என்று இருக்கும்." பேச்சுச் சொல் கேள்வி வடிவத்தில் வரும் துணைத்தலைப்புகளில் இயல்பாக உட்காரும். வில்லங்கச் சான்று முதலில் வரும் இடத்தில் "ஈசி என்று சொல்லப்படும் வில்லங்கச் சான்று" என்று ஒரு முறை எழுதினால் போதும். ஒவ்வொரு சொல்லும் படிப்பவருக்கு ஒரு உதவியாக வர வேண்டும். அப்படி வந்தால் தேடலுக்கும் அதுவே போதுமானது.

ஊர் வேறுபாட்டையும் மறக்காதீர்கள். இலங்கையில் நிலம் 'காணி', அதன் பத்திரம் 'உறுதி'. தமிழ்நாட்டில் காணி என்பது பழைய நில அளவு. யாழ்ப்பாணத்திலிருந்து காணி உறுதியைப் பற்றித் தேடுபவருக்கு நம் பட்டாப் பக்கத்தால் எந்தப் பயனும் இல்லை. அவரை இழுக்க முயலாமல், 'தமிழ்நாடு' என்ற சொல்லைத் தலைப்பிலேயே வைத்துவிடுவது இருவருக்கும் நல்லது. சமையல் தளம் நடத்துபவருக்கு இது இன்னும் முக்கியம். சென்னையில் சர்க்கரை என்றால் காபியில் போடுவது. இலங்கையில் அது சீனி, அங்கே சர்க்கரை என்றால் வெல்லத்தின் இனம். பூண்டு அங்கே உள்ளி, பப்பாளி அங்கே பப்பாசி. செய்முறையில் ஒரே ஒரு முறை இரண்டு சொல்லையும் சொல்லிவிட்டால், கடல் கடந்து இருப்பவரும் குழம்பாமல் சமைப்பார்.

சொற்கள் போதவில்லையென்றால் கூகுள் தேடல் பெட்டியில் பாதி அடித்து நிறுத்துங்கள், அது நீட்டிக் காட்டும் வரிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். கூகுள் டிரெண்ட்ஸில் இரண்டு சொற்களை ஒப்பிட்டு எது அதிகம் தேடப்படுகிறது என்று பாருங்கள். காசு கட்டும் கருவிகளைத் தமிழுக்காக வாங்க வேண்டாம் என்பேன். தமிழ்ச் சொற்களுக்கு அவற்றில் கிடைக்கும் தகவல் மெலிந்தது.

தேடுபவர் ஒருவரா, நால்வரா?

குவெரிப் பட்டியலை மறுபடி படியுங்கள், இந்த முறை மனிதர்களாக. நிலம் வாங்கிப் பதிவு முடித்துவிட்டுப் பெயர் மாற்ற வந்தவர் ஒருவர். அப்பா இறந்த பிறகு வாரிசாகப் பெயர் மாற்ற வேண்டியவர் இன்னொருவர். தன் பட்டாவை ஆன்லைனில் பார்த்தால் போதும் என்று வந்தவர் மூன்றாமவர். விண்ணப்பித்துவிட்டு நிலை என்ன என்று தவிப்பவர் நான்காமவர்.

நால்வரையும் ஒரே பக்கத்தில் உட்கார வைத்தால் யாருக்கும் நிறைவு இருக்காது. பிரிப்பதா சேர்ப்பதா என்று முடிவுசெய்ய எளிய வழி ஒன்று உண்டு. இரண்டு தேடல்களையும் தனித்தனியே கூகுளில் போட்டுப் பாருங்கள். முடிவில் வரும் பக்கங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தால், ஒரு பக்கம் போதும். முற்றிலும் வேறாக இருந்தால், தனிப் பக்கம் வேண்டும். வாங்கியவருக்கும் வாரிசுக்கும் விண்ணப்பிக்கும் இடம் ஒன்றுதான், காகிதங்கள்தான் வேறு. அதனால் நான் ஒரே பக்கத்தில் இரண்டு பகுதிகளாக வைப்பேன். 'பட்டா பார்ப்பது' தனிப் பக்கம்.

எதிர்த்திசையிலும் பாருங்கள். 2018-இல் ஒன்று, 2020-இல் ஒன்று, போன ஆண்டு ஒன்று என ஒரே விஷயத்தைப் பற்றி உங்கள் தளத்திலேயே மூன்று பக்கங்கள் இருக்கலாம். அவை ஒன்றையொன்று கீழே இழுக்கும். நல்லதை ஒன்றில் சேர்த்து, மற்ற இரண்டின் முகவரிகளிலிருந்து 301 ரீடைரக்ட் (வருபவரை நிரந்தரமாக வேறு முகவரிக்கு அனுப்பும் அமைப்பு) கொடுத்து முதன்மைப் பக்கத்துக்குத் திருப்பிவிடுங்கள்.

பதிலை முதலில் எழுதுங்கள்

பழைய முதல் பத்தியை அப்படியே எடுத்துவிடுங்கள். அதன் இடத்தில் நான் எழுதுவது இது:

"வாங்கிய நிலத்துக்கோ பெற்றோரிடமிருந்து வந்த நிலத்துக்கோ பட்டாவில் பெயர் மாற்ற, தமிழ்நிலம் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், அல்லது இ-சேவை மையத்தில் கொடுக்கலாம். அந்த சர்வே நம்பரில் உள்ள நிலம் முழுவதும் உங்களுக்கே வருகிறதென்றால் உட்பிரிவு தேவையில்லை. ஒரு பகுதி மட்டும் உங்களுடையது என்றால், சர்வேயர் அளந்து உட்பிரிவு செய்த பிறகே பட்டா மாறும்."

மூன்று வாக்கியம். எங்கே போவது, தன் நிலை எந்த வகை, அளவை வேண்டுமா வேண்டாமா என்று மூன்றும் தெரிந்துவிட்டது. இதற்குக் கீழே காகிதங்களின் பட்டியல்: கிரையப் பத்திரம், மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, அடையாளச் சான்று. வாரிசாக இருந்தால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும். பிறகு விண்ணப்பிக்கும் படிகள். பிறகு விண்ணப்பம் யார் மேசைக்கெல்லாம் போகும் என்பது.

இங்கேதான் உங்கள் பக்கம் மற்றவற்றிலிருந்து பிரிய வேண்டும். படிகளை யார் வேண்டுமானாலும் எழுதிவிடுவார்கள். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் என்ன செய்வது என்று எழுதும் பக்கங்கள் குறைவு. தமிழ்நாடு பட்டாப் பாஸ் புத்தகச் சட்டம் 1983-இன்படி வட்டாட்சியரின் ஆணையை எதிர்த்து வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம், அதற்கும் மேலே மாவட்ட வருவாய் அலுவலரிடம் போகலாம். பத்திரத்தில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒரு இனிஷியலில் மாறியிருந்தால் என்ன ஆகும்? கூட்டுப் பட்டாவில் மற்றவர்கள் வெளியூரில் இருந்தால்? தாலுகா அலுவலக வாசலில் மனுவோடு நிற்பவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. ஒரு காலை நேரம் அங்கே நின்று கேட்டால் ஆறு மாதத்துக்கு எழுத விஷயம் கிடைக்கும்.

தேடல் முடிவுகளின் தரத்தைப் பார்க்கும் மதிப்பீட்டாளர்களுக்குக் கூகுள் தரும் கையேட்டில் 2022 டிசம்பரில் 'அனுபவம்' என்பதையும் ஒரு அளவுகோலாகச் சேர்த்தது. அதற்கு முன்பு நிபுணத்துவம், அதிகாரம், நம்பகம் என்ற மூன்று இருந்தன. நில ஆவணம், பணம், உடல்நலம் போன்றவற்றில் இந்த அளவுகோல்கள் இன்னும் கடுமையாகப் பார்க்கப்படும். ஆகவே எழுதியவர் யார், அவருக்கும் இந்த விஷயத்துக்கும் என்ன தொடர்பு என்று பக்கத்திலேயே சொல்லுங்கள். விண்ணப்பித்த திரையின் படங்களை நீங்களே எடுத்துப் போடுங்கள். அதில் யாருடைய பெயரும் சர்வே நம்பரும் தெரியாதபடி மறைத்துவிடுங்கள். அரசு இணையதளத்துக்கு நேரடியாக இணைப்பு கொடுங்கள். வெளியே இணைப்பு கொடுத்தால் வாசகர் போய்விடுவார் என்று பயந்து அதை மறைப்பது தவறு.

பழைய தகவலையும் தேடிப் பிடியுங்கள். நில விவரங்களைக் காட்டும் இன்னொரு வருவாய்த்துறை ஆவணமான சிட்டா 2015-இல் பட்டாவோடு இணைக்கப்பட்டது. அதற்குப் பிறகும் இரண்டையும் தனித்தனியாக வாங்கச் சொல்லும் பக்கங்கள் இன்றும் இருக்கின்றன. வாசகர் அதை நம்பி ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அலைகிறார். தகவலைச் சரிசெய்த பிறகு மட்டும் 'திருத்தப்பட்ட தேதி'யை மாற்றுங்கள். எதையும் தொடாமல் தேதியை மட்டும் புதுப்பிக்கும் பழக்கம் வாசகரை ஏமாற்றுவது.

இயந்திர மொழிபெயர்ப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆங்கிலப் பக்கங்களை மொத்தமாகத் தமிழாக்கி ஏற்றும் தளங்கள் பெருகிவிட்டன. தேடலுக்காக மட்டும் குவியல் குவியலாகப் பக்கங்களை உற்பத்தி செய்வதை, எந்தக் கருவியால் செய்தாலும், கூகுள் 2024 மார்ச்சில் தன் ஸ்பேம் கொள்கைக்குள் கொண்டுவந்தது. கருவியைத் துணைக்கு வைத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். தாலுகா ஆபீஸில் யாரும் பேசாத தமிழாக இருந்தால் திருத்துங்கள்.

தலைப்பும் விவரணையும்

தேடல் முடிவில் தலைப்பு எழுத்தெண்ணிக்கையால் வெட்டப்படுவதில்லை, அகலத்தால் வெட்டப்படுகிறது. தமிழ் எழுத்துகள் அகலமானவை, 'ண', 'ணை', 'ஞா' எல்லாம் இடத்தை விழுங்கும். ஆங்கிலத்துக்குச் சொல்லப்படும் 60 எழுத்துக் கணக்கைத் தமிழில் நம்பாதீர்கள். முக்கியச் சொல் முதலில் வரட்டும்: "பட்டா பெயர் மாற்றம் செய்வது எப்படி? தமிழ்நாடு ஆன்லைன் விண்ணப்பம்". தளத்தின் பெயரை முன்னால் வைக்காதீர்கள்.

மெட்டா டிஸ்கிரிப்ஷன், அதாவது தேடல் முடிவில் தலைப்புக்குக் கீழே காட்டுவதற்காக எழுதும் விவரணை, தரவரிசையை உயர்த்தாது, கிளிக்கை உயர்த்தும். இரண்டு வாக்கியத்தில் உள்ளே என்ன கிடைக்கும் என்று எழுதுங்கள். தேடல் சொற்களை அடுக்கும் மெட்டா கீவேர்ட்ஸ் என்ற பெட்டியை இன்னும் சிலர் அக்கறையாக நிரப்புகிறார்கள். கூகுள் அதைப் பார்ப்பதில்லை என்று 2009-லேயே அறிவித்துவிட்டது. அந்த நேரத்தைத் துணைத்தலைப்புகளுக்குக் கொடுங்கள். 'முன்னுரை', 'முக்கியத்துவம்', 'முடிவுரை' என்று பள்ளிக் கட்டுரைபோல் வைக்காமல், 'என்னென்ன ஆவணங்கள் வேண்டும்?', 'எத்தனை முறை போக வேண்டும்?' என்று கேள்விகளாகவே வையுங்கள்.

தமிழுக்கே உரிய சிக்கல்கள்

ஆங்கில வழிகாட்டிகள் எதிலும் இவை இருக்காது, ஆனால் நல்ல தமிழ்ப் பக்கங்கள் பல இவற்றால்தான் காணாமல்போகின்றன.

பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த பக்கங்கள் திரையில் தமிழாகத் தெரிந்தாலும், உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். தேடுபொறிக்கு அது பொருளற்ற எழுத்துக்கூட்டம். அப்படி ஏதாவது உங்களிடம் இருந்தால், எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடுக்குக் கொண்டுவாருங்கள். தமிழ்நாடு அரசே 2010-இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. பழைய இதழ்களையும் ஈழத்துத் தளங்களையும் வைத்திருப்பவர்களிடம் இதை மன்றாடியே கேட்கிறேன். அவ்வளவு எழுத்தும் தேடலுக்கு வெளியே கிடக்கிறது.

யூனிகோடிலும் ஒரு நுட்பம் உண்டு. 'கோ' என்பதில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் அடிக்கலாம், ஏகாரக் கொம்பு, கால் என்று இரண்டு குறியீடாகவும் அடிக்கலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. உங்கள் தளத்துக்குள்ளேயே இருக்கும் தேடல் பெட்டி இதில் தடுமாறலாம். வெளியிடும்போது, இரண்டையும் ஒரே குறியீடாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடச் சொல்லி உங்கள் புரோகிராமரிடம் கேளுங்கள்.

முகவரி அடுத்தது. தமிழில் முகவரி வைத்தால் கூகுளுக்கு எந்தத் தடையும் இல்லை. ஆனால் வாட்ஸ்அப்பில் நகலெடுத்து ஒட்டும்போது ஒவ்வொரு குறியீடும் ஒன்பது எழுத்தாக விரியக்கூடும். 'பட்டா' என்ற சொல்லில் ஐந்து குறியீடுகள், ஆகவே 45 எழுத்துகள். பார்ப்பவர் வைரஸ் இணைப்போ என்று பயந்து தொடமாட்டார். நான் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வைப்பதையே விரும்புவேன். ஏற்கெனவே தமிழில் இருக்கும் முகவரியை இதற்காக மாற்ற வேண்டாம்.

படத்துக்குள் எழுதிய தமிழைத் தேடுபொறி படித்துக்கொள்ளும் என்று நம்பாதீர்கள். ஆவணப் பட்டியலை அழகான போஸ்டராகப் போடுகிறீர்கள் என்றால், அதே பட்டியல் எழுத்தாகவும் கீழே இருக்க வேண்டும். கண் தெரியாதவர் கைபேசியைப் படிக்கச் செய்து கேட்பதற்கும் அதுதான் வழி. பக்கத்தின் மொழி தமிழ் என்று குறிக்கும் லேங் பண்பையும் அவருக்காக வையுங்கள். கூகுள் மொழியைக் கண்டுபிடிக்க அதை நம்புவதில்லை, பக்கத்தில் உள்ள எழுத்தைத்தான் பார்க்கும். மெனுவும் பட்டன்களும் பக்கவாட்டுப் பெட்டிகளும் முழுக்க ஆங்கிலமாக இருந்தால் அங்கே குழப்பம் வரலாம்.

வேகமும் உள் இணைப்பும்

முக்கிய உள்ளடக்கம் 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும், தொட்டால் 200 மில்லிவிநாடிக்குள் பக்கம் அசைய வேண்டும், படித்துக்கொண்டிருக்கும்போது விளம்பரம் வந்து எழுத்தைக் கீழே தள்ளக்கூடாது. பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் முகவரியைப் போட்டால் மூன்றும் தெரியும். தமிழ்த் தளங்களில் கனம் பெரும்பாலும் பெரிய படங்களாலும், இரண்டு மூன்று தமிழ் எழுத்துருக்களை ஒன்றாக ஏற்றுவதாலும் வருகிறது. ஒரு எழுத்துரு போதும்.

இணைப்புகளில் 'இங்கே கிளிக் செய்யவும்' என்று எழுதாதீர்கள். 'வில்லங்கச் சான்றை ஆன்லைனில் எடுப்பது எப்படி' என்பதையே இணைப்பாக்குங்கள். உங்கள் தளத்தில் பத்திரப் பதிவைப் பற்றிய பக்கம் இருந்தால், அங்கிருந்து இந்தப் பட்டாப் பக்கத்துக்குக் கட்டாயம் ஒரு வழி இருக்க வேண்டும். பதிவு முடித்தவருக்கு அடுத்து வேண்டியது அதுதானே.

வெளியிட்ட பிறகு

சர்ச் கன்சோலில் 'யுஆர்எல் இன்ஸ்பெக்ஷன்' பெட்டியில் முகவரியைக் கொடுத்து, மறுபடி இன்டெக்ஸ் செய்ய, அதாவது பக்கத்தைப் புதிதாகப் படித்துத் தன் பட்டியலில் சேர்க்க, கூகுளிடம் கேளுங்கள். ஒரு முறை கேட்டால் போதும். திருத்திய தேதியையும் என்ன திருத்தினீர்கள் என்பதையும் ஷீட்டில் எழுதிவையுங்கள். தினமும் போய்ப் பார்க்காதீர்கள், மனம்தான் சோரும். நான்கு வாரம் கழித்து, திருத்தியதற்கு முந்தைய 28 நாளோடு பிந்தைய 28 நாளை ஒப்பிடுங்கள்.

அப்போது சராசரி இடத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது. திருத்திய பக்கம் புதிய சொற்களுக்குக் காட்டப்படத் தொடங்கும், அவற்றில் முதலில் கீழேதான் நிற்கும், அதனால் சராசரி இறங்கியதுபோல் தெரியும். ஒவ்வொரு குவெரியாகப் பாருங்கள். இம்ப்ரெஷன் ஏறி, கிளிக் ஏறாமல் இருந்தால் தலைப்பைத் திருத்துங்கள். இரண்டும் ஏறவில்லையென்றால் முதல் பத்திக்கும் தேடுபவரின் கேள்விக்கும் இன்னும் பொருத்தம் வரவில்லை.

பட்டியலில் முன்பு இல்லாத வரிகளைத் தனியாகக் குறியுங்கள். 'பட்டா மாறுதல் நிராகரிப்பு காரணம்', 'கூட்டுப் பட்டா பிரிப்பது' போன்றவை ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்கும். ஒரே வரி இரண்டு மாதம் தொடர்ந்து வந்தால், தாலுகா அலுவலக வாசலுக்கு இன்னொரு முறை போய்விட்டு வந்து, அதற்கென்று தனிப் பக்கம் எழுதத் தொடங்குங்கள்.